தையல் ஓரம்

கியாக்தான் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்தச் சரித்திர ஆசிரியை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, வாயில் வெற்றிலை. பர்மிய வழக்கப்படி, டீச்சர் என்ற பொருளில் 'சயாமா' என்றே கூப்பிட்டேன்.

என் கையிலிருந்த நாவலைக் கேட்டு வாங்கியவர், படிக்காமல் அதன் தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பக்கம் கிழிச்சிருக்கான்னு பாக்குறேன் தம்பி. தொழில் புத்தி."

அமெரிக்காவின் ஆரம்பகால மோர்மன் சபையில், சட்டம் தடுத்தும் ஒருவரே பல பெண்களை மணந்ததைப் பற்றி ஆராய்கிறவர் அவர். அந்த மனைவிகளின் நாட்குறிப்புகள்தான் அவருக்கு ஆதாரம்.

"போலீஸ் வருதுன்னா பேர் இருக்குற பக்கத்தைக் கிழிச்சிடுவாளுங்க. கோழைங்க! நான் இப்ப யாரைப் போய்க் கேக்குறது?" நிஜமாகவே கோபப்பட்டார்.

தமிழ் பேசுகிறவன் என்ற நம்பிக்கையில், ராணுவத்துக்குத் தெரியாமல் வீட்டில் ரகசியமாக வகுப்பு நடத்துவதையும் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். அவர் நீட்டிய நோட்டில் நான்கு பெயர்களுக்குக் கீழே என் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன்.

பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. சிப்பாய்கள் ஏறிப் பைகளைக் கிளறினார்கள். முன் சீட்டுக்காரரை இறக்கினார்கள்.

சயாமா பலமாக இருமினார். இருமிக்கொண்டே நோட்டில் எங்கள் பெயர்கள் இருந்த பக்கத்தைக் கிழித்து, சுருட்டி, வெற்றிலையோடு வாயில் அடக்கிக்கொண்டார். சிப்பாய் நோட்டை வாங்கிப் புரட்டினான். தையலை அவன் தடவிப் பார்க்கவில்லை.

பஸ் நகர்ந்தது. அவர் கட்டைவிரல் கிழிந்த ஓரத்திலேயே இருந்தது.

"அவளுங்களைப் போய்க் கோழைங்கன்னுட்டேனே, தம்பி."

நல்லவேளை, அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாளைக்கு யார் அடித்துக் கேட்டாலும் சொல்ல என்னிடம் அது இல்லை.