835 என்ற எண்

அந்த முத்திரைகள் என் விரல் நுனிக்குத்தான் முதலில் தெரிந்தன. கிண்ணத்தின் குளிர்ந்த அடிப்பாகத்தைத் தடவினால் அரிசிமணி அளவில் ஒரு சிங்கமும் நங்கூரமும் ஓர் எழுத்தும் சொரசொரக்கும். எழுபதுகளின் தொடக்கம், அப்பா கணித ஆராய்ச்சிக்காக வந்திருந்த பிராங்பேர்ட், எனக்கு ஒன்பது வயது, வீட்டிலேயே கூர்மையான கண் என்னுடையதுதான் என்ற கர்வம் வேறு.

மாடி வீட்டு அமெரிக்க ராணுவக்காரரின் மனைவி ஊர் திரும்பும்போது அந்தக் கிண்ணத்தையும், அம்மா "கூஜா" என்று பெயர் வைத்த ஒரு கைப்பிடி ஜாடியையும் கொடுத்துவிட்டுப் போனார். எது வெள்ளி, எது முலாம் என்று அவருக்கே தெரியாது. மதுரையில் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நேரில் போக முடியாத அம்மாவுக்கு, அக்கா சீராக ஒரு வெள்ளிச் சாமானாவது சபையில் இருந்தாக வேண்டும். ஊருக்குப் போகும் மாணவர் ஒருவர் தம் பெட்டியில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு என்றார்.

"நம்பர் இருக்கான்னு பாரு. நம்பர் இல்லேன்னா வெள்ளி இல்ல" என்றார் அப்பா. ஜெர்மன் கடைகளில் வெள்ளியின் தரத்தை 800, 835 என்று எண்ணாகவே அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய வீடு எங்களுடையது. கிண்ணத்தில் எண்ணே இல்லை. கூஜாவின் அடியில் கிரீடத்துக்கும் கேடயத்துக்கும் கீழே 835 என்று படித்து நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். கூஜா விமானம் ஏறியது. கிண்ணத்தில் பொத்தான்களைப் போட்டு வைத்தோம். ஊர் திரும்பும்போது வீண் சுமை என்று யாருக்கோ கொடுத்தும்விட்டோம்.

வளர்ந்து வேலைக்காக மறுபடி ஜெர்மனி வந்தபோது, பழம்பொருள் சந்தையில் ஒரு வியாபாரியின் முத்திரைப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் சிங்கமும் நங்கூரமும் அதில் படமாக இருந்தன: அசல் வெள்ளியில் அமெரிக்கத் தயாரிப்பாளர் அடித்த அடையாளம். கூஜாவில் இருந்தது போலக் கிரீடமும் கேடயமும் போட்ட முலாம் சாமான்களின் அடியில் இருக்கும் எண்ணோ, தரத்தைச் சொல்லாத வெறும் வடிவ எண்ணாம். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

அந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது சித்தியிடம் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டேன். சித்தி சிரித்துவிட்டாள். "மூணாம் மாசமே ஒரு பக்கம் பித்தளை தெரிஞ்சிருச்சுடி. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பாக்க வச்சுட்டேன். எங்கக்கா குடுத்தது, நான்தான் வெளக்குவேன்னு மாமியாரைக்கூடத் தொட விடல. உங்கம்மாகிட்ட மூச்சு விட்டுறாத."

நான் விடவில்லை. இன்று கூஜா என்னிடம் இருக்கிறது. முலாம் அநேகமாக முழுதும் போய்விட்டது. தங்கைக்கு வெள்ளி அனுப்பிய கதையை அம்மா கடைசிவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சித்தி ஒவ்வொரு முறையும் ஆமாம் போட்டாள். இப்போது சொல்லவும் ஆளில்லை, ஆமாம் போடவும் ஆளில்லை.