சுவரில் ஐயாவின் இடம்

சுவரில் இருந்த அந்த வெளிறிய சதுரம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மங்கிப்போன சுவரின் நடுவே அது மட்டும் புதிதாகத் தெரிந்தது. என்னைப் பெற்ற ஐயாவின் படம் அங்கேதான் தொங்கும். சென்ற இலையுதிர்காலத்தில் ஒருநாள், விருந்தாளி வருவதற்குச் சற்று முன், என் மனைவி அதைக் கழற்றி உடுப்பு அலமாரிக்குள் வைத்துவிட்டாள். "வாற மனுசன் ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்றாள்.

வரவிருந்தவர், லண்டனில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். நான் அங்கே கணக்காளனாக இருந்தேன். ஆசிய நாடுகளின் பாலங்களுக்கும் மின்நிலையங்களுக்கும் இயந்திரம் அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. அவர் எதற்கும் நேராக "இல்லை" என்று சொன்னதில்லை. மூச்சை மெல்ல உள்ளே இழுத்து, "கொஞ்சம் கடினம்" என்பார். நாங்கள் அந்த ஃபைலை மூடிவிடுவோம். துப்பாக்கியைக் கீழே வைத்ததால்தான் தன் நாடு எழுந்தது என்பார். அரசியல் சட்டத்திலேயே போரைக் கைவிட்ட நாடு என்பதில் அவருக்குப் பெருமிதம். ஐயாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஐயா மலாயாவில் ரயில்வே கிளாக். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியப் படை அவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனது. அவர் திரும்பவில்லை. என் அண்ணைக்கு அவர் முகம் நினைவிருக்கிறது. எனக்குப் படம் மட்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணை கேட்டார்: "ஐயாவைத் திண்டவங்களிட்டயோ சம்பளம் வாங்கப் போறாய்?" பிறகு வருவார், போவார், என் வேலையைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்.

அன்று அண்ணை ஆர்ச்வே முருகன் கோயிலில் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல், தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு, கையில் வடைப் பொதி. விருந்தாளி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணை அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஐயா எங்கை?"

மனைவியின் கண் அறைப்பக்கம் போனது. அண்ணைக்கு அது போதும். உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். விருந்தாளி எழுந்து படத்துக்குத் தலை குனிந்தார். யார் என்று கேட்டார்.

அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வேண்டுமென்றே தமிழில் பேசினார். "சயாம் ரயில்பாதையிலை செத்தவர். சொல்லு."

சொன்னேன். அவர் நின்றபடியே இருந்தார். எத்தனையோ பாலத் திறப்பு விழாக்களில் நட்பைப் பற்றிப் பேசியிருப்பதாகவும், அந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"இப்ப ஜப்பான்காரர் திரும்ப ஆயுதத்துக்குக் காசைக் கூட்டீனமாம். இன்னொருக்கால் சண்டைக்குப் போவீனமோ? கேள். மாத்திச் சொல்லாதை" என்றார் அண்ணை.

மாற்றாமல் கேட்டேன். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். "கொஞ்சம் கடினம்" என்று அவர் சொன்னால், அண்ணை இந்த வாசலை இனி மிதிக்கமாட்டார்.

"தெரியாது" என்றார் அவர். "அண்டை நாடுகளை நினைத்து எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். ஆயுதம் கூட்டுவதற்கு எதிராகத்தான் நான் வாக்களிக்கிறேன். என் மகன் ஆதரவாக. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால் சோறு ஆறிவிடும்."

"மனுசன் பொய் சொல்லேல்லை" என்றார் அண்ணை. "ஆனால் நான் இவரோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிடமாட்டன்."

மனைவி இடியப்பமும் சொதியும் போட்டுக் கொடுக்க, அண்ணை உட்காராமல் தட்டைக் கையில் ஏந்தி நின்றார். விருந்தாளிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவரும் உட்காராமல் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நாலு நாற்காலியும் வெறுமையாகக் கிடக்க, நாலு பேரும் நின்றே சாப்பிட்டோம்.

அண்ணை அவர்களை மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் செய்தியில் ஜப்பானைக் காட்டும்போதெல்லாம் எனக்குப் போன் எடுக்கிறார். நான் அண்ணையினதும் அந்த விருந்தாளியினதும் வயதைக் கூட்டிப் பார்க்கிறேன். நூற்று எழுபதைத் தாண்டுகிறது. இன்னும் எத்தனை தேர்தலுக்கு இருப்பார்கள் என்று கவலைப்படுகிறேன். அண்ணைக்கு அந்தக் கவலை இல்லை. கேட்பது ஒன்றுதான்:

"உன்ரை ஆள் இதுக்கு என்ன சொல்லுறார்?"