மாமா உடைத்த தரை

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு கொத்தனார். அடக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். "நான் போட்ட தரையில பந்தை வச்சா எந்தப் பக்கமும் ஓடாது" என்று கல்யாண வீட்டில்கூட ஆரம்பித்துவிடுவார். எரிச்சலாக வரும். ஆனால் பந்து ஓடாது என்பதும் உண்மை.

நான் ஊருக்கு வெளியே இருக்கும் சுண்ணாம்புக் குகையில் வழிகாட்டி. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளையும் தரையிலிருந்து எழும் கல்முளைகளையும் விளக்குப் பிடித்துக் காட்டுவது என் பிழைப்பு. மாமா ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. "முட்டே குடுக்காம நிக்கிற கூரை, எவன் கட்டினான்னும் தெரியல. அதுக்குக் கீழ என்னை நிக்கச் சொல்றியா?" என்பார். பயம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

குகைக்கு நேர் மேலே இருக்கும் மேட்டில் வண்டி நிறுத்த ஒரு தளம் வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. வேலை மாமாவுக்கு வந்தது. மண்ணை வழித்தெடுத்துவிட்டு, ஓடைப் பக்கமாக லேசான சரிவு கொடுத்து மேடு முழுக்கக் கான்கிரீட் போட்டார். மழைத்தண்ணீர் எங்கும் தேங்காமல் வழிந்து ஓடைக்குப் போனது. அவர் கைவேலையிலேயே அழகான தரை அதுதான், சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் குகை வறண்டது. ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்த பெரிய விழுதின் நுனி காய்ந்து, பளபளப்புப் போய் வெளிறிக் கிடந்தது. அதற்கும் கீழே நிற்கும் முளைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான். காரணம் எனக்கும் புரிந்தது, நிர்வாகிக்கும் புரிந்தது. "தளத்தை உடைக்கணும். உங்க மாமாகிட்ட யார் சொல்றது?" என்று என்னையே பார்த்தார்.

அக்காவிடம் போய் நின்றேன். "வாயால சொல்லாத, கூட்டிட்டுப் போய்க் காட்டு. நானும் வரேன், எப்படி வராம போறார்னு பாக்கறேன்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

வந்தார். அக்கா கையை இறுகப் பிடித்தபடி, குனிந்து குனிந்து வந்தார்.

"மழைத்தண்ணி மண்ணுல இறங்கும்போது கொஞ்சம் புளிப்பேறிடும் மாமா. அந்தப் புளிப்பு சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும். கரைஞ்சு கரைஞ்சுதான் இந்தக் குகையே உண்டாச்சு. கரைச்ச சுண்ணாம்போட வந்து கூரையில தொங்கும்போது கொஞ்சத்தை அங்கேயே விட்டுடும், அது விழுது. கீழ விழுற இடத்துல மிச்சத்தை வைக்கும், அது முளை. ரெண்டும் சேர்ந்தா தூண்."

மாமா நுனியைத் தடவப் போனார். தடுத்தேன். கையிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது.

"அப்ப மழைதான் இங்க கொத்தனார்," என்றார். "வழியை நான் அடைச்சுட்டேன்."

"ஆமா மாமா."

"ஒருத்தன் வேலை நடந்துக்கிட்டிருக்கும்போது அவனுக்குச் சரக்கு வர்ற வழியை இன்னொருத்தன் மறிக்கிறது தொழில் தர்மமாடா?"

மறுநாளே சம்மட்டியோடு மேட்டில் ஏறினார். முதல் அடியை வேறு யாரையும் அடிக்க விடவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கான்கிரீட்டை அள்ளிவிட்டு, மண்ணைத் திரும்பக் கொட்டிப் புல் பதித்தார். வண்டி நிறுத்தும் இடம் ஓடைக்கு அந்தப் பக்கம் மாறியது.

மழை வந்தது. நுனி சொட்டவில்லை. மழை நின்றது, அப்போதும் சொட்டவில்லை. நல்ல தரையும் போச்சு, குகையும் போச்சு என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. மாமாவோ நிம்மதியாகக் குறட்டை விடுகிறார் என்றாள் அக்கா. கேட்டதற்கு, "அவ்வளவு பாறையைத் தாண்டி இறங்க வேணாமா? வருவான்" என்றார்.

வந்தது. சேதி சொன்னதும் மாமா யார் கையையும் பிடிக்காமல் உள்ளே வந்தார். நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தரையை உடைச்சதுல வருத்தமா மாமா?"

"இல்லாம இருக்குமா? அப்படி ஒரு தரை இனிமே என் கையால வராது." தொடாமல், நுனிக்கு நேரே இரண்டு விரலை நீட்டிப் பிடித்தார். "இந்த ரெண்டு விரல் சேர எத்தனை நாளாகும்?"

"நம்ம பேரன் பேத்திங்க காலத்துலயும் சேராது."

"அவசரமே படல பாரு," என்றார் மாமா. "என்னைவிட நல்ல வேலைக்காரன்டா இவன்."