அண்ணன் காரியத்துக்கு நான் கொடுத்த விளம்பரம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாடகை சைக்கிளில் பேப்பர் போடத் தொடங்கி, தாம்பரத்தில் சொந்த ஏஜென்சியே வைத்தேன். முடிச்சூரில் வெள்ளம் வந்தபோதும் பேப்பர் கட்டைத் தலையில் சுமந்துபோய்க் கொடுத்தவன். பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துத் தருவதும் நான்தான்.

அந்தத் திமிரில்தான், அண்ணன் இறந்தபோது, பதினாறாம் நாள் காரியத்துக்கு யாருக்கும் போன் போட வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னேன். "போட்டோவோட பேப்பர்ல குடுத்துட்டேன், அண்ணி. ஊரே வரும் பாருங்க."

விளம்பரம் முந்தின நாளே வந்துவிட்டது. குரோம்பேட்டை மண்டபத்தில் சாப்பாட்டு நேரம் ஆகியும் பத்துப் பேர்தான். அண்ணி காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு இவ்ளோதானா மனுசங்க, தம்பி?" என்றார்.

"இப்ப யாரு சித்தப்பா பேப்பர் பாக்குறாங்க? உங்க வீட்டுலயே மடிச்சது மடிச்சபடி கெடக்குது" என்ற அண்ணன் மகள், அந்த விளம்பரத்தைப் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பைக்கும் ஆட்டோவுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். "தெரியவே தெரியாதுண்ணா, இப்பத்தான் போன்ல பார்த்தோம்" என்றார்கள், என்னிடம் தினமும் பேப்பர் வாங்குகிறவர்களே. வாசலில் நின்று கும்பிடவே கூசியது.

இன்றைக்கும் சொந்தக்காரர்கள் அது அவள் கூட்டிய கூட்டம் என்கிறார்கள். சரி, அவள்தான் கூட்டினாள். ஆனால் அவள் படம் பிடித்தது எதை? அண்ணன் போட்டோவும் மண்டபத்து விலாசமும் நான் கொடுத்த விளம்பரத்தில்தானே இருந்தன? அதற்காவது என் பேரைச் சொல்லுங்கள்.