அண்ணன் கூப்பிட்ட ஊர்

அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்கு மான்செஸ்டரில் விமானம் ஏறினேன். ஆண்டு 1999. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நியூஜெர்சியில் குடித்தனம் நடத்த முடியுமா, முடியாதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் என் கணவர் வேலை பார்த்தது நெசவு எந்திரங்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை. அதை வருகிற மார்ச்சோடு மூடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரிந்த அன்றைக்கே நியூஜெர்சியில் எடிசன் என்கிற ஊரில் இருக்கும் என் அண்ணன் போன் செய்தார்.

"மாப்பிள்ளை மூணு மாசம் கம்ப்யூட்டர் டெஸ்டிங் கோர்ஸ் படிச்சாப் போதும் அம்மிணி. மிச்சத்த நான் பார்த்துக்கறேன். கெளம்பி வாங்க."

கணவர் யோசித்தார். "நான் ஆபீஸ் போயிருவேன். பொழுதுக்கும் வீட்ல கெடக்கப் போறது நீதான். போய்ப் பார்த்துட்டு வா. நீ சரின்னா போலாம், வேண்டாம்னா விட்ரலாம்" என்றார். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நாளைக்குச் சரிப்பட்டு வராவிட்டால் பழியை என் தலையில் போடலாம் அல்லவா!

நூவர்க் விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கே பகல் மணி ஒன்று. அண்ணன் வந்திருந்தார். முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. டர்ன்பைக் என்கிற பெருஞ்சாலையில் ஏறியதும் எண்ணெய் ஆலைகளின் வாடை காருக்குள் வந்தது. "எப்படி இருக்குது ரோடு?" என்று தானே போட்ட ரோடு மாதிரி கேட்டார். இருபது மைல், அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் பள்ளிக்கூடத்தின் தரம், கோயிலின் தூரம், வாடகை மூன்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

வீடு, சிவப்புச் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடிக் குடியிருப்பில் மேல்தளம். இரண்டு படுக்கையறை, வெந்நீரும் கணப்பும் சேர்த்து மாத வாடகை 875 டாலர். அந்தப் பக்கத்தில் கட்டுப்படியாகிற வாடகை அதுதான் என்றார்கள். தரை முழுக்க ஒரே நிறக் கம்பளம், வெள்ளைச் சுவர். சாமி படங்களைக்கூட அலமாரித் தட்டில் சாய்த்துத்தான் வைத்திருந்தார்கள். அண்ணி சுமதியிடம் கேட்டேன். "ஆணி அடிச்சா டெபாசிட்ல புடிச்சுக்குவாங்க. அதுவுமில்லாம, நாம என்ன இங்கயேவா இருக்கப் போறோம்?" என்றார். அவர்கள் அங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கெடுத்துவிட்டது. இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் கிடைத்தன. நாலரை டாலருக்கு மசால் தோசை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது, எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், நல்ல கோயமுத்தூர்த் தமிழில். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பர்ன்லி பக்கம் நாங்கள் இருக்கும் ஊரில் நாங்கள் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம். கணவரிடம் சண்டை போடுவதானால்தான் நான் தமிழில் வாயைத் திறந்து பேசுவது. இந்த ஊருக்கே வந்துவிடலாம் என்று அன்று இரவு முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள். அண்ணன் ஆபீசுக்கு, அண்ணி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலைக்கு, அவர்கள் மகள் ஏழு வயது ஸ்வேதா பள்ளிக்கு. சமைத்து வைத்துவிட்டு, ஒரு மைல் தூரத்தில் இருந்த கடைக்கு நடக்கலாம் என்று கிளம்பினேன். குடியிருப்பின் வாசலைத் தாண்டி நூறு அடியில் நடைபாதை முடிந்து புல்வெளி வந்தது, அதற்கப்புறம் அதுவும் இல்லை. கார்கள் தோளை உரசுகிற மாதிரி போயின. திரும்பி வந்து கார் நிறுத்துமிடத்தைச் சுற்றினேன். ஸ்வெட்டரும் வேட்டியும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஒரு பெரியவர் எதிரே சுற்றிக்கொண்டிருந்தார். மகன் வீட்டுக்கு வந்தவராம்.

"உங்களுக்கு எத்தனை மாசம்மா?" என்றார்.

"ஒரு வாரந்தாங்க."

"குடுத்து வெச்சவங்க. எனக்கு இன்னும் நாலு மாசம் பாக்கி" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

சாயங்காலம் இதை ஸ்வேதாவிடம் சொன்னபோது, "யூ கான்ட் ஜஸ்ட் வாக், அத்தை" என்று எனக்குப் புத்தி சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் தெருவைச் சொன்னால்தான் புரியும். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு முப்பது கல் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். எங்கள் வீட்டை இருபத்தோராயிரம் பவுண்டுக்கு வாங்கினோம். முன்கதவைத் திறந்தால் நேரே தெரு. பின்பக்கம் சந்து, அதன் குறுக்கே துணிக்கொடி. மழை வந்தால் முதலில் பார்க்கிறவர் எல்லார் துணியையும் எடுத்துப் போடுவார். மழை எப்போதும் வரும். பக்கத்து வீட்டு மார்கரெட் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினோரு மணிக்குத் தேநீர் போட்டால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார், நான் போக வேண்டும். நான் போட்டால் நான் தட்டுவேன், அவர் வருவார். நான் திரைச்சீலை தைக்கும் கடைக்கு வேலைக்குப் போகாத நாளெல்லாம் இது நடக்கும்.

அன்று எடிசனில் பதினோரு மணிக்குத் தேநீர் போட்டேன். பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. கை தானாகப் போய்ச் சுவரில் இரண்டு முறை தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. டிவி சட்டென்று நின்றது. யாரும் வரவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம்கூட இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அண்ணன் சோற்றில் கை வைத்தபடி சிரித்தார். "செவுத்தத் தட்டினா இங்க என்ன அர்த்தம் தெரியுமா? சத்தம் போடாதே, அப்பார்ட்மென்ட் ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் பண்ணீருவேன்னு அர்த்தம்."

"அந்த வீட்ல யாருங்கண்ணா?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. நீல நிறக் கார் என்று மட்டும் தெரிந்திருந்தது.

புதன்கிழமை வடை சுட்டு எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினேன். சங்கிலி போட்ட இடுக்கில் ஓர் இளைஞனின் முகம், நம் நாட்டு முகம். தெலுங்குப் பையன். ராத்திரி ஷிப்டாம். நான் வாயைத் திறப்பதற்குள், "சாரி ஆன்ட்டி, சத்தம் குறைச்சுட்டேன், இனிமே வராது" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். தேநீர் குடிக்கக் கூப்பிட்டேன் என்று அவனுக்கு எப்படி விளக்குவது? வடையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இன்னொரு சாரி சொல்லிக் கதவைச் சாத்தினான். நான் கிளம்பும் வரை அந்த வீட்டில் டிவி ஓடவே இல்லை. தனியாக இருந்த பையனின் வாயையும் கட்டிவிட்டேனே என்று எனக்கு வேதனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணி சீக்கிரம் வந்துவிட்டார். நிலவறையில் இருந்த பொதுச் சலவை அறையில் இரண்டு பேரும் துணி மடித்தோம். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது அங்கே சட்டம். எங்கள் ஊரைப் பற்றி அண்ணி விடாமல் கேட்டார்.

"ஸ்கூலுக்கு நடந்தே போலாமா?"

"எட்டு நிமிசம். மார்க்கெட்டுக்குப் பதினஞ்சு. தூரமா போகோணும்னா பஸ்ஸு."

"தெருவுல யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

"பப்புல இருந்து வர்ற பசங்க ரெண்டு தடவை கத்தியிருக்கறாங்க. பஸ்ல டிரைவரு, நம்மூர்ல கண்ணுங்கற மாதிரி, 'லவ்'வுன்னுதான் கூப்புடுவாரு. ரெண்டும் உண்டுங்க அண்ணி. குளிரும் ஈரமும் எலும்பு வரைக்கும் போகும். தமிழ் பேச ஆளில்ல."

அண்ணி ஒரு போர்வையின் முனையை என்னிடம் கொடுத்தார். "கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எனக்கு வேலைக்குப் போற பெர்மிட் இல்ல. காரும் ஓட்டத் தெரியாது. மொத ரெண்டு வருஷம் ஜன்னல்லயே நின்னேன். உங்கண்ணன்கிட்ட சொல்லாதீங்க. உங்களுக்கும் அப்படித்தான் ஆகும், தெரிஞ்சு வாங்க" என்றார்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். முருங்கைக்காய்க்காகவும் மசால் தோசைக்காகவும் நான் ஜன்னலில் நிற்க முடியாது. கணவருக்கு வேலை இல்லாவிட்டால் என்ன, நான் இன்னும் நான்கு திரைச்சீலை கூடுதலாகத் தைக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அண்ணன் இரண்டு குடியிருப்புகளைக் காட்டினார். "இதுல டிசம்பர்ல வீடு காலியாகுது. நம்ம வீட்டுக்கு ரெண்டு சிக்னல்தான்."

"வரலைங்கண்ணா" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அண்ணியின் பேச்சை மட்டும் சொல்லவில்லை.

அவர் வாதாடவில்லை. வாதாடுவார் என்று எதிர்பார்த்து நான் பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டர்ன்பைக்கில் ஏறினார். புறப்பாட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்து, கைப்பிடியை இழுத்துக் கொடுத்தார்.

"ஸ்கூல் நல்லா இருக்குது, கோயில் இருக்குதுன்னு எல்லாம் உனக்காகத்தான் சொல்றேன்னு நானே நெனச்சுட்டு இருந்தேன் அம்மிணி" என்றார். "நெசம் அதில்ல. இந்த ஊர்ல எனக்கு நாற்பது பேரத் தெரியும். வாரம் தவறாம வீட்டுக்கு ஒண்ணு சமைச்சுட்டு வந்து பாட்லக்குன்னு கூடிச் சாப்பிடறோம். அத்தனை பேருக்கும் என்னைய ஆறு வருஷமாத்தான் தெரியும். நம்ம அப்பா எப்படிச் சிரிப்பாருன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். நீ போ, நேரமாகுது."

பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்ன் அடித்தான். அண்ணன் ஏறிப் போய்விட்டார்.

விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வாரமாக ஊரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நடைபாதை இருக்கிறதா, கடை எவ்வளவு தூரம், பக்கத்து வீட்டில் யார் என்று. கூப்பிட்டவரை ஒரு நாளாவது உட்கார வைத்து, நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர். பொள்ளாச்சியில் எனக்குச் சைக்கிள் பழக்கிய காலத்தில்கூட அவர் தனக்கு வேண்டும் என்று எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மான்செஸ்டரில் தூறல். கணவர் குடையோடு நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தார்.

"ஊரு பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்கலைங்க."

"சரி, விடு. இங்கயே ஏதாவது பார்த்துக்கலாம்" என்றார். குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

"இல்லைங்க," என்றேன். "போலாம்."