ஃபோர்மேன் வாங்கிய தொடைக்கறி

முப்பது வருஷம் டயர்க் கடையில் வேலை பார்த்தவரை எல்லோரும் ஃபோர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் மத்தியிலும் அதே பேர் நிலைத்துவிட்டது. லாரி டயரைக் கழற்றி, உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தே ஆணி எங்கே ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வீட்டில் பன்றிக்கறி. கடைக்கு அன்று அரை நாள்தான். வரும் வழியில் கறியை வாங்கிப் பதினொன்றரைக்கு மனைவி கையில் கொடுப்பார். ஒன்றரைக்குத் தட்டில் விழ வேண்டும். விழும். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தாடையைக் கையால் பிடித்து, “நம்ம கடைல கழிச்சுப் போட்ட டயர் கூட இதைவிட மெத்துனு இருக்கும்” என்பார். விருந்தாளி யாராவது வந்திருந்தால் போச்சு, குரல் இரண்டு மடங்காகிவிடும். அதற்கு டயர்க்கறி என்று பேரே வைத்துவிட்டார். மகள் பேசப் பழகிய வயசிலேயே, “அம்மா, இன்னைக்கு டயர்க்கறியா?” என்று கேட்டு வீட்டையே சிரிக்க வைத்தாள். மனைவியும் கூடச் சிரித்தாள். இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடியது.

போன மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து மனைவிக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டாயிற்று. அவள் துணிக்கடைக்குத் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினுக்கும் லீவு, அடுப்புக்கும் லீவு. அவளைப் பார்க்க மகளும் மாப்பிள்ளையும், அவளுடைய அக்காவும் ஞாயிறு மதியம் வருவதாகச் சொன்னார்கள்.

“வெளிய வாங்கிக்கலாமா?” என்றாள் மனைவி.

“எதுக்கு? நானே பண்றேன். கறின்னா எப்படி இருக்கணும்னு அன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்.”

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் இப்படிச் சொன்னார் அந்த மனுஷன். சொல்லிவிட்டு அவருக்குப் பெருமை வேறு.

மாப்பிள்ளை போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பெரிய கறித்துண்டு ஒன்றை முழுசாக வேக வைத்து, முள்கரண்டியால் தொட்டதுமே பஞ்சு பஞ்சாகப் பிய்த்துப் போட்டுப் பன்னுக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஃபோர்மேன் அதை நாலு தடவை பார்த்தார். இவ்வளவுதானா என்று நினைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கறிக்கடைக்குப் போனார். கடைக்காரர் கேட்காமலே கத்தியை எடுத்துவிட்டார்.

“வழக்கம்போல தொடைதானே, ஃபோர்மேன்? கொழுப்பு ஒட்டாம?”

“அதேதான். ரெண்டரை கிலோ, ஒரே துண்டா. நாளைக்குப் பிச்சு எடுக்கற மாதிரி வேக வைக்கப் போறேன்.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். “அதுக்கு இது வேலைக்கு ஆகாதுங்க. தோள்பட்டை எடுத்துக்கங்க, எலும்போட. கொழுப்பு உள்ள ஓடியிருக்கும், அது உருகி உருகித்தான் கறி பதமாகும். தொடைல ஒண்ணும் கிடையாது. அவசரமா வெச்சா ரப்பர், ரொம்ப நேரம் வெச்சா சக்கை.”

“இத்தனை வருஷமா நான் இதைத்தானே வாங்கறேன்?”

“நீங்க கேக்கறதைத்தானே நான் குடுக்க முடியும்? கொழுப்புக்கெல்லாம் காசு குடுக்க மாட்டேன்னு நீங்கதானே சொல்வீங்க. வீட்ல அம்மா எப்படித்தான் இதை வேக வெச்சாங்களோ, பாவம்.”

ஃபோர்மேனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. விற்காத துண்டை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று மனசுக்குள் ஒரு சால்ஜாப்பு சொல்லிக்கொண்டே தோள்பட்டையை வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் உப்பு, நாட்டுச்சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகு, சீரகப்பொடி, நசுக்கிய பூண்டு எல்லாம் கலந்து கறி முழுக்கத் தேய்த்தார். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். கறியை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள். “தோள்பட்டையா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அடிகனமான பாத்திரத்தில் வெங்காயத்தைப் பரப்பி, மேலே கறியை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் ஊற்றி மூடினார். எட்டு மணிக்குத் திறந்து பார்த்தார். எட்டரைக்குத் திறந்தார். பத்து மணிக்கு முள்கரண்டியால் குத்தினால் இறங்கவே மாட்டேன் என்றது. மூன்று மணி நேரம் வெந்தும் அப்படியே கல் மாதிரி இருந்தது. கை தானாகத் தீயைக் கூட்டப் போனது.

“கூட்டாதீங்க” என்றாள் மனைவி கதவோரத்திலிருந்து. “சிம்லயே இருக்கட்டும். சும்மா சும்மா திறக்காதீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்.”

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கணக்குப் போடத்தானே தோன்றும். ஏழிலிருந்து பன்னிரண்டு, ஐந்து மணி நேரம். அவளுக்கு அவர் கொடுத்தது இரண்டு மணி நேரம். அதிலும் கழுவ, நறுக்க, மசாலா அரைக்க, சோறு வைக்க. ஒன்று இருபதுக்கே இவர் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். வாங்கிக் கொடுத்தது வேகாத கறி, அதற்குக் கொடுத்த நேரமும் போதாது. அப்புறம் ஊர் கூட்டி வைத்துக் கேலி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

பன்னிரண்டு மணிக்கு எலும்பைப் பிடித்து இழுத்தார். வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. அரை மணி நேரம் மூடி வைத்திருந்து, இரண்டு முள்கரண்டியால் பிய்த்து, மேலே மிதந்த எண்ணெயை எடுத்துவிட்டு மிச்சச் சாற்றை அதிலேயே ஊற்றிக் கிளறினார். சாப்பிட உட்கார்ந்ததும் எல்லார் முன்னாடியும் விஷயத்தை உடைத்துவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார். என்ன சொல்வது என்று கூட யோசித்து வைத்திருந்தார்.

ஆனால் கறி அநியாயத்துக்கு நன்றாக வந்து தொலைத்தது.

“மாமா, பிரமாதம்” என்றார் மாப்பிள்ளை வாய் நிறைய. மகள் இரண்டாவது பன்னை எடுத்துக்கொண்டு, “அம்மா, பாத்தியா? அப்பா முதல் தடவையே இப்படிப் பண்ணிட்டார். நீ இத்தனை வருஷமா டயரை வெச்சு எங்களை ஏமாத்திட்ட” என்றாள். அக்கா தலையை ஆட்டி, “கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல. இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கறி வராது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி இடது கையால் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

ஃபோர்மேன் வாயைத் திறந்தார். “கறி நல்ல கறி, அதான்” என்றார். அவ்வளவுதான் வந்தது. முப்பது வருஷமாக ஓயாமல் பேசின வாய், பேச வேண்டிய நேரத்தில் பல்லைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. போதாததற்கு மாப்பிள்ளை முதுகில் தட்டிக்கொடுத்ததையும் வாங்கிக்கொண்டார்.

மனைவி மாத்திரை போட உள்ளே போனாள். அவர் பின்னாலேயே போனார். டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, “தப்பு என்னோடதுதான். தொடையை வாங்கிட்டு வந்து, நேரமும் குடுக்காம, உன்னைப் போய்...” என்றார்.

அவள் மாத்திரையை விழுங்கினாள். “இதை எதுக்கு இங்க வந்து சொல்றீங்க? கேலி பண்ணினது இங்கயா?”

அவர் திரும்பிக் கூடத்துக்கு வந்தார். பன்னிரண்டு அடி தூரம்தான். காது மடல் வரை எரிந்தது. உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். தொடைக்கறியைச் சொன்னார், கடைக்காரர் சொன்னதைச் சொன்னார், ஐந்து மணி நேரத்தையும் இரண்டு மணி நேரத்தையும் சொன்னார். “இத்தனை வருஷமா அவ சமையல்ல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வேகாத கறியை வாங்கிக் குடுத்துட்டு அவளைக் கேவலப்படுத்தினேன்.”

அக்கா தன் தட்டைப் பார்த்தாள். மாப்பிள்ளை தண்ணீரைக் குடித்தார். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்து, “ஏம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“சொன்னேனே. கல்யாணமான வருஷமே சொன்னேன். தோள்பட்டை வாங்குங்க, முந்தின நாளே வாங்கிக் குடுத்துடுங்கன்னு. நீ பொறந்தப்புறமும் ரெண்டு தடவ சொன்னேன். உங்கப்பா அப்போ சிரிச்சிட்டிருந்தார். அப்புறம் நீயும் சேந்து சிரிக்க ஆரம்பிச்ச. அதோட விட்டுட்டேன்.”

அவள் குரலில் கோபம் கூட இல்லை. ஃபோர்மேன் நின்ற இடத்திலேயே நின்று யோசித்துப் பார்த்தார். அவள் அப்படிச் சொன்ன ஒரு நாளாவது, ஒரு தடவையாவது ஞாபகத்துக்கு வருகிறதா என்று தேடினார். வரவே இல்லை. தான் அடித்த ஜோக்குகள் மட்டும் ஒன்றுவிடாமல் வரிசையாக ஞாபகம் வந்தன. அதைவிடப் பெரிய வெட்கம் அவருக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.