ஈயப்பொடிக்கு வெல்லம்

எர்ணாவூரில் நானும் என் மனைவியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். லாரி பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்துமே, அந்த பஸ்ஸருக்குள் இருக்கும் சின்னப் பீங்கான் வில்லையைச் செய்யும் கம்பெனி. அவளுக்குப் பொடி கலக்கும் அறை, எனக்குச் சூளை.

வில்லையின் சூட்சுமம் ஈயப்பொடியில் இருக்கிறது. கணக்குக்கு மேல் கொஞ்சம் சேர்த்தால், அது சூளையில் முதலில் உருகி மற்ற துகள்களை நெருக்கி ஒட்டவைக்கும். சூட்டில் ஆவியாகிப் போவதற்கும் அதுவே ஈடு. சேர்க்காவிட்டால் வில்லை உள்ளே ஓட்டை ஓட்டையாக நின்றுவிடும். மின்சாரம் கொடுத்தாலும் கத்தாது, முனகும். அளவு மீறினால் துகள்களுக்கு நடுவே தங்கி அதுவும் கெடுதல். வில்லைக்குள் எவ்வளவு ஈயம் போகிறது என்பதில் கம்பெனிக்கு அவ்வளவு அக்கறை. எங்களுக்குள் எவ்வளவு போகிறது என்று ஒருவனும் கேட்டதில்லை. மூக்கில் கட்ட ஒரு துணி கொடுத்தார்கள், மகராசன்கள்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஆளுக்கொரு துண்டு வெல்லம் வரும். தூசியில் வேலை செய்தால் வெல்லம் தின்ன வேண்டும், உள்ளே போனதை அது இழுத்து வெளியே தள்ளிவிடும் என்பது எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. நானும் நம்பினேன். நின்ற இடத்திலேயே வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவளுக்குப் பிள்ளை தங்கியது. வேலையை விட்டுவிடு என்றேன்.

"வூட்ல குந்திகினு இன்னா பண்ண சொல்ற? ஏழாம் மாசம் நின்னுக்கறேன்" என்றாள்.

ஐந்தாம் மாதமே போய்விட்டது. துணியில் சுற்றிக் காட்டினார்கள். ஆண் பிள்ளை. விரல்கூட முழுசாக இருந்தது.

ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா எங்கள் வேலையைப் பற்றி விசாரித்தார். ஈயம் ஏறியிருக்கிறது, வாய் வழியாகத்தான் அதிகம் போயிருக்கும் என்றார். கை கழுவாமல் சாப்பிடுவாயா என்று அவளைக் கேட்டார்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சோப்பு போட்டு கழுவிகினுதான் சோத்துலயே கை வெப்பேன். வெல்லத்துக்குத்தான் கழுவ மாட்டேன். அது மருந்தாச்சே?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு, மாசமானதுலேர்ந்து ரெண்டு துண்டா கேட்டு வாங்கித் துன்னேனே."